நாலாவது நகல்

இது நடந்தது. கதை விடறேன்னு தோணினா இதோட நிறுத்திக்கங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எங்க ஆபீஸ்ல ஒருத்தங்களுக்கு 'குடோன் அக்கா'ன்னு பேர். கம்பெனி ஃபைல் பூராவும் ஒரே கம்ப்யூட்டர் மெஷின்ல இருக்காது, வரிசையா நிக்கிற பல மெஷின்ல பிரிஞ்சு கிடக்கும். ஒரு மெஷின் செத்தாலும் ஃபைல் சாகக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் மூணு நகல். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடத்தை அடைச்சிருக்குன்னு பார்க்கிறது அக்கா வேலை.

அவங்க வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். மெஷின் ஓடற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணுவார். காது கொடுத்துக் கேட்டுட்டு, அந்த ரெக்கார்டோட கடைசியில அவரே பேசி முடிப்பார். "நல்லா ஓடுது." இல்லைன்னா, "இது தாங்காது, பாத்துடு." போன வருஷம் பதினாலாம் நம்பர் மெஷின் முன்னாடி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாய்ஞ்சவர்தான், எழுந்திரிக்கவே இல்லை. அந்த மெஷினும் அன்னிக்கே நின்னுபோச்சு. கழட்டி எடைக்குப் போட்டுட்டாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், அக்கா தனியா டியூட்டியில இருந்தப்ப மேனேஜர் போன்.

"அக்கா, இடம் நிரம்பிடுச்சு. அவரோட ஃபோல்டரை இன்னிக்கே அழிச்சுடுங்க."

"அதுல அவர் குரல் இருக்கு சார்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. வேற வழியில்லை."

ஃபைலை வெளியே எடுத்துட்டுப் போகவும் அங்கே அனுமதி கிடையாது. ஆளில்லாத ஆபீஸ். வீட்டுக்குப் போனாலும் இதே கதி, ஏன்னு கேட்க ஆள் இல்லை. அக்கா கடைசியா ஒரு தடவை அளவு பார்த்தாங்க.

ஃபைல் நாப்பது ஜிபி. மூணு நகலுக்கு நூத்தி இருபது வரணும்.

நூத்தி அறுபது காட்டுச்சு.

கண்ணைத் துடைச்சுட்டு மறுபடி பார்த்தாங்க. மத்தவங்களுக்கெல்லாம் சரியா மூணு மடங்கு. இவருக்கு மட்டும் நாலு.

நாலாவது எங்கே இருக்குன்னு தேடினாங்க.

மெஷின் பதினாலு...

எழுந்து போய்ப் பார்த்தாங்க. அந்த இடம் காலி. மூடி வச்ச தகரம்தான் இருந்தது. ஆனா அதுக்குப் பின்னாடி... ர்ர்ர்ர்...

ஓடி வந்தாங்க. ஃபோல்டர்ல புதுசா ஒரு ஃபைல். மணி மூணு பத்து. இப்போதான் வந்திருக்கு.

திறந்தாங்க.

லப்... டப்... லப்... ... டப்...

மெஷின் சத்தம் இல்லை அது.

அப்புறம் அவர் குரல்.

"இது தாங்காது... பாத்துடு."

அக்கா தன் நெஞ்சுல கை வச்சுப் பார்த்தாங்க, அதே துடிப்பு. பையைக்கூட எடுக்கலை. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. டாக்டர் ரிப்போர்ட்டையே பார்த்துக்கிட்டு நின்னார். "வலியே இல்லைங்கறீங்க, எப்படிம்மா வந்தீங்க? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா அவ்வளவுதான்."

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு வேலைக்கு வந்தாங்க. அதுக்குள்ள மேனேஜர் அந்த ஃபோல்டரை அழிச்சிருந்தார். நாலு நகலும் போச்சு, குரலும் போச்சு. அக்கா மேஜை மேல தலையை வச்சு அழுதாங்க.

அப்புறம் முகத்தைக் கழுவிட்டு, வழக்கம்போல எல்லார் அளவையும் பார்த்தாங்க. எல்லாருக்கும் மூணு.

அக்காவோட ஃபோல்டருக்கு மட்டும் நாலு.

நாலாவது எங்கே இருக்குன்னு அவங்க தேடலை. மேனேஜர்கிட்டயும் சொல்லலை.