வைக்கோல் பிடித்த எண்ணெய்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப்போட்டிருந்த நாட்கள். யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். சின்னசேலத்தில் என் லாரி ஷெட்டின் பின்னால், மழையில் ஒருவர் கால்வாய்க்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தார். வைக்கோலிலிருந்து எண்ணெய் சொட்டியது. மழை விட்டதும் லாரிகளைக் கொளுத்தத்தான் என்று முடிவுகட்டினேன்.

“யோவ், இன்னா பண்ணிக்கினு கீற?”

“உங்க கழிவெண்ணெய் என் நாத்தங்காலுக்குப் போவுதுங்க. வைக்கோலு எண்ணெய புடிச்சிக்கும், தண்ணிய வுட்டுடும்.”

“நல்லா வுடுற கத! தீப்பெட்டி எங்க?”

அவரை ஷெட்டுக்குள் தள்ளிப் பூட்டினேன். வைக்கோலைப் பிடுங்கி எறிந்தேன். தேங்கியிருந்த எண்ணெய், வானவில்லைப் பூசிக்கொண்ட கரும்பாம்பாக நழுவி ஓடியது. பின்னாலேயே போனேன். அது நேராக இளம்பச்சை நாற்றுகளுக்குள் புகுந்தது.

ஓடிவந்து கதவைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “பூந்துடுச்சா?” என்று மட்டும் கேட்டார்.

என் ஷெட்டுக்குத் தீ வைக்க யாருமே வரவில்லை. அவர் வயல்தான் அந்தப் பட்டம் நடவு காணவில்லை.