பள்ளங்கியில் சாய்ந்து நின்ற தைலமரம்

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்கு வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டி ஏறினேன். மீதிச் சில்லறையை இறங்கும்போது தருகிறேன் என்றார் கண்டக்டர். நான் நீட்டிய கையை மடக்கவே இல்லை. முனகிக்கொண்டே பையைத் துழாவிக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது வருஷம் இரும்புக் கடை நடத்தியவன் நான். எவன் எடையில் கைவைப்பான், எவன் துருப்பிடித்த ஆணியை அடியில் போடுவான் என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. வீட்டில் எனக்கு சி.பி.ஐ. என்று பெயர்.

இந்தப் பயணமும் சந்தேகத்தில் கிளம்பியதுதான். என் தங்கை தனம் பள்ளங்கியில் பூண்டும் பீன்ஸும் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். அவர்கள் வீட்டு முன்னறைப் பக்கத்து மேட்டில் நிற்கும் தைலமரம் ஒன்று ஆடிக் காற்றில் வேர் கிளம்பி, வீட்டைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது. ஐப்பசி மழையில் மண் ஊறினால் கூரையில் வந்து விழும். அது தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்தின நாள் தனம் போனில் சொன்னாள்.

"ஆள் கெடைச்சிருச்சுண்ணே. பெரும்பாறைக்காரரு, ராசுன்னு பேரு. வெட்டுக்கூலி வேணாம்னுட்டாரு. நீ ஒண்ணும் மெனக்கெட்டு வர வேணாம்."

கூலி வேண்டாமாம், நான் வரவும் வேண்டாமாம். இதற்கு மேலும் வீட்டில் உட்கார்ந்திருப்பேனா?

மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மரம் ஏற்றிய லாரி எதிரே இறங்கியது. எங்கள் வண்டி ஒதுங்கி நின்றது. பக்கத்து இருக்கையில் பூண்டு வியாபாரி ஒருவர். லாரியில் என்ன மரம் என்று கேட்டேன்.

"வாட்டில் மரந்தாங்க. மில்லுக்குப் போகுது."

"அடியில?"

"அடியிலயும் அதேதான்."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஆபீஸுங்க?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியில் ஊத்து என்ற ஊரில் வண்டி நின்றபோது டீ குடித்தேன். பதினைந்து ரூபாய், பாதி தம்ளர் நுரை.

ஒன்பதரைக்குக் கொடைக்கானல். ஏரிக்குப் போகும் சாலையில் சுற்றுலா வந்தவர்களுக்குத் தீ மூட்டவென்று விறகைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கட்டு முந்நூறு ரூபாய் என்றான் கடைக்காரன். ஒரு குச்சியை உருவி முறித்துப் பார்த்தேன், பச்சை. பற்றினால் புகைதான் வரும். அதைச் சொன்னதற்கு, "வாங்கறவங்களே கேக்கல, நீங்க ஏன் சார் கேக்கறீங்க" என்றான். நியாயம்தான். பள்ளங்கிக்கு மினி பஸ் பிடித்தேன்.

தனத்தின் வீடு ரயில் பெட்டி போல நீளம். முன்னறை, நடு அறை, கடைசியில் அடுப்படி. அந்த அடுப்படிக்குள் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். விறகடுப்பில் கங்கு சிவந்து கிடந்தது.

"என்னத்தா, கட்டிலு இங்க வந்துருச்சு?"

"குளிருக்குண்ணே. அடுப்புப் பக்கம் காலை நீட்டிப் படுத்தா ஒத்தப் போர்வை போதும்."

கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டே கட்டிலில் உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. காபியைக் குடித்துவிட்டு மேட்டுக்கு ஏறினேன்.

தைலமரம் நான் நினைத்ததைவிட மோசம். ஒரு பக்கத்து வேர் மண்ணோடு தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு மேலே பத்தடி தள்ளி ஒரு சந்தன வேம்பு. நெட்டுக்குத்தாக, கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமனில், அறுத்தால் கதவும் நிலையும் செய்ய உயர்ந்த சிவப்பு மரம். இரண்டிலும் வெட்டுக்கு வனத்துறை அனுமதி கிடைத்த அடையாளமாக வெள்ளைப் பெயிண்ட் பட்டை. தைலமரத்தில் பெயிண்ட் காய்ந்து வெடித்திருந்தது. சந்தன வேம்பைத் தொட்டேன், விரலில் ஒட்டியது. அனுமதி ஒன்றுக்கு, பெயிண்ட் இரண்டுக்கா!

பதினொரு மணிக்கு ராசு ஜீப்பில் வந்தார். நாற்பது வயது இருக்கும், கூட இரண்டு ஆட்கள். செயின்சா, இரும்புக் கயிறு, இழுக்கிற விஞ்சு எல்லாம் இறங்கின. மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் நேராகப் போனது சந்தன வேம்புக்கு.

"தம்பி, சாஞ்சு நிக்கிறது அந்த மரம்."

"தெரியும்ணே. அத விஞ்சு போட்டு மேட்டுப் பக்கமா இழுத்துச் சாய்க்கணும். இது நடுவுல நின்னா அது இதுமேல விழுந்து மாட்டிக்கிரும். மொத இதை எடுத்துட்டா வழி கெடைக்கும்."

"இதை வெட்டிட்டா கயித்த எதுல கட்டி இழுப்பீங்க?"

"அடிக்கட்டை நிக்கும்ல? அதுல கட்டுவம்."

பதில் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு சுலபமாக வரும் பதிலை நான் கடையில்கூட நம்பியதில்லை. நல்ல மரத்தை ஜீப்பில் கட்டி இறக்கிவிட்டு, மெஷின் ரிப்பேர், நாளைக்கு வருகிறேன் என்று ஆள் காணாமல் போவான். தைலமரம் அப்படியே நிற்கும். எனக்கு அது கண்ணில் தெரிந்தது.

பெயிண்ட் ஒட்டிய விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது எப்ப அடிச்சது? ஆபீஸ்ல கேக்கட்டுமா?"

அவர் முகம் மாறியது. என்னை விட்டுவிட்டு, கீழே நின்ற தனத்தைப் பார்த்தார். "என்னக்கா இது?" என்று மட்டும் கேட்டார். அவள் வாசல் பக்கம் திரும்பி நடந்தாள். ஆட்கள் இரும்புக் கயிற்றைச் சுருட்டினார்கள், ஜீப் போய்விட்டது.

பிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு கீழே இறங்கினேன். தனம் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கோடாலி விழுந்த வேகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"நல்ல வேளை நான் வந்தேன் தனம். திருட்டுப் பய."

"எனக்குத் தெரியாதாக்கும்?" கோடாலியைக் கட்டையிலேயே விட்டாள். "அந்தப் பெயிண்டு அடிச்சப்ப டப்பாவைப் புடிச்சதே நாந்தான்."

பெயிண்ட் ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாக. எவ்வளவு காசு குடுத்தாலும் மாட்டோம்னுட்டாக. வீட்டு மேல சாஞ்ச மரம், தப்பி விழுந்தா யாரு பதில் சொல்றது? இந்தாளு ஒருத்தருதான் தொடுறேன்னாரு. அதுவும் அந்த நல்ல மரத்துக்காகத்தான். தப்புன்னு எனக்கும் தெரியும். நான் வேற என்னண்ணே செய்யட்டும்?"

"நல்ல மரத்தை எடுத்துட்டு, சாஞ்சதை வெட்டாமப் போயிருந்தா?"

"போயிருக்கலாம். இப்பவும் வெட்டாமத்தான போயிட்டாரு."

என் பையில் பீன்ஸை அள்ளிப் போட்டுக் கட்டினாள். மூன்று மணி வண்டிக்கு வெரசாப் போனால்தான் இடம் கிடைக்கும் என்றாள். எதையாவது பேச வேண்டுமே என்று, ராத்திரி குளிரும், அடுப்பில் கூட நாலு கட்டை வைத்துப் படு என்றேன்.

"குளிரா? இருவது வருசமா இந்தக் குளிர்லதான கெடக்கேன். அந்த மரம் விழுந்தா நடு அறை வரைக்கும்தான் நுனி வருமாம், அடுப்படிக்கு எட்டாதாம். ராசுதான் வந்த அன்னிக்கே அளந்து பாத்து, கட்டிலை அங்க மாத்திருங்கக்கான்னாரு."

கண்டக்டரை, லாரியை, விறகுக் கடைக்காரனை, ராசுவை என்று காலையிலிருந்து ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்டேன். என் சொந்தத் தங்கை குளிருக்கு என்று சொன்னதை மட்டும் அப்படியே நம்பி, அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மூன்று மணி வண்டி வந்தது. நான் ஏறவில்லை. தனத்திடம் நம்பர் வாங்கி ராசுவுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நாந்தான். தனத்தோட அண்ணன். நாளைக்கு வாங்க."

"எதுக்குண்ணே? ஆபீஸரு யாரையும் கூட்டி வச்சிருக்கீகளா?"

"இல்ல தம்பி, நம்புங்க."

"நீங்க நம்புனீகளா?" என்றார். பிறகு, "பாப்பம்" என்று வைத்துவிட்டார்.

வருவாரா, வந்தால் எந்த மரத்தில் முதலில் கைவைப்பார், எனக்குத் தெரியாது. எதுவென்றாலும் வாயைத் திறப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் தனம் அடுப்பில் இரண்டு கட்டையைத் தள்ளிவிட்டு, கட்டிலுக்குக் கீழே எனக்கு ஒரு பாயை விரித்தாள். வத்தலக்குண்டில் இந்நேரம் கொஞ்சம் காற்று வராதா என்று வாசல் கதவைத் திறந்து போட்டுக் காத்திருப்போம். இங்கே மேட்டில் இலை சலசலத்தது. நானும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டு, அது அடங்கும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.