கெண்ட் வரைக்கும் கேட்ட தறி

போன வாரம் எங்கள் தறி ஷெட்டைத் திறந்தேன். பூட்டியே கிடந்ததால் எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு தறியும் இல்லை. ஆறு தறிகள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை கறுத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மகள் ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது.

“ஏனுங்ப்பா, சர்ச்சுக்குள்ள இருந்து பேசறீங்களா? உங்க பேச்சு உங்களுக்கே திரும்பி வருதுங்.”

“இல்ல கண்ணு, நம்ம ஷெட்டுலதான் இருக்கறேன்.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. தறிகளை விற்றதை அவளிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

பிள்ளைகளே, ஸ்டெல்லா அக்கா எப்படி மூன்று நாட்டில் படித்தார் என்று ஞாயிறு வகுப்பில் கேட்டீர்களாம். உங்கள் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி சிஸ்டர் சொன்னார். நான் எட்டாவதோடு நின்றவன். அவளை அனுப்பிவைக்கக் கோவை ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போயிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த ஊர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் காதால் கேட்டது. கேட்டதை எழுதுகிறேன்.

நொய்யல் ஆறு சாயத் தண்ணீர் கலந்து ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் போவதைப் பார்த்து வளர்ந்தவள் ஸ்டெல்லா. தண்ணீரைச் சுத்தம் செய்வதைத்தான் படிப்பேன் என்று நின்றாள். அந்தப் படிப்பு ஒன்றுதான், ஊர்தான் மூன்று. முதல் வருஷம் பெல்ஜியத்தில் கெண்ட். அப்புறம் ஆறு மாதம் செக் நாட்டில் ப்ராக். கடைசி ஆறு மாதம் நெதர்லாந்தில் டெல்ஃப்ட். கெண்டில் எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அடுத்த ஊருக்கு விடுவார்கள். தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும். பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் கருமத்தம்பட்டிக்கே திரும்பிவிட வேண்டியதுதான்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. விமானத்தில் எடை கூடினால் விடமாட்டார்கள் என்றாள். நூல் மூட்டை நிறுக்கும் தராசில் பெட்டியை ஏற்றினேன். முள் எகிறியது. அரிசிம்பருப்புச் சோற்றுக்கு என்று அவள் அம்மா கட்டிவைத்த பருப்புப் பொட்டலங்களை எடுத்து வெளியே வைத்தேன். அவள் அம்மா பெட்டியிலிருந்து ஸ்டெல்லாவின் செருப்பு ஒரு ஜோடியை எடுத்துப்போட்டுவிட்டுப் பருப்பை உள்ளே வைத்தாள். எடை சரியாக இருந்தது.

கெண்டில் அவளுக்கு மாடியில் ஓட்டுக் கூரை சரிவாக இறங்கும் அறை. மழை, வாய்க்கால், கோயில் மணி. எல்லாம் அழகு என்றுதான் முதல் மாதம் சொன்னாள். பக்கத்து அறைப் பெண் ஒரு நாள் வந்து, “ஏன் எப்போதும் கோபமாகவே பேசுகிறாய்?” என்று கேட்டாளாம். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை எப்படிப் பேசும்? எங்கள் வீட்டில் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். அதற்கப்புறம் அவள் குரலைக் குறைத்துக்கொண்டாள். எங்களிடமும் மெதுவாகத்தான் பேசினாள். எனக்குப் பாதி கேட்காது. கேட்ட மாதிரி “ஆமா கண்ணு” என்பேன்.

பரீட்சை வந்தது. ஒரு பாடம் போய்விட்டது. மறுதேர்வு ஒன்றுதான் மிச்சம்.

“படிக்க முடியலீங்ப்பா. நான் வந்துர்றனுங்.”

“ஏஞ்சாமி, என்ன கஷ்டம்?”

“சத்தமே இல்லீங். புஸ்தகத்தத் தொறந்தா காதுக்குள்ள ஙொய்ங்குது. ஒரு வரி ஏறமாட்டேங்குது.”

நான் சிரித்துவிட்டேன். அவள் அம்மா சிரிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஸ்டெல்லா ஷெட்டுக்குள் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். வாய்ப்பாடு, ஜெபம், பத்தாம் வகுப்பு, எல்லாம் ஆறு தறிச் சத்தத்துக்குள்ளேதான் அவள் மண்டைக்குள் போனது. அவள் அம்மா போனை வாங்கிக்கொண்டுபோய் ஷெட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மஞ்சப்பையை மாட்டி, அதற்குள் போனை வைத்தாள். வீடியோ கால் என்பதால் போனின் மேல்பாதி மட்டும் வெளியே தெரியும். அங்கே மதியம் சாய்கிற நேரம், இங்கே விளக்கு வைக்கிற நேரம். அன்று அவள் ஒரு பாடம் முழுக்கப் படித்தாள்.

சத்தத்தைப் பதிந்து அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அனுப்பினேன். “அதுல நூலே அறுகறதில்லீங்ப்பா” என்றாள். நூல் அறுந்தால் தறி நிற்கும். நான் போய் முடிச்சுப் போட்டு ஓட்டுவேன். அந்த இடைவெளியில்தான் அவள் தலை நிமிர்ந்து தண்ணீர் குடிப்பாளாம்.

மறுதேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊரில் ஸ்டிரைக் வந்தது. நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் வியாபாரிகள் கூலியை ஏற்றித் தரும்வரைக்கும் ஒரு தறியும் ஓடக்கூடாது என்று சங்கத்தில் முடிவு. ஓடினால் வியாபாரிகள், “அங்கே ஓடுதே” என்று அதையே பிடித்துக்கொள்வார்கள். நியாயமான முடிவு. நானும் கை தூக்கிவிட்டுத்தான் வந்தேன்.

அன்றைக்கு எங்கள் ஊர் அடங்கிப்போனது. எங்கேயோ நாய் தண்ணீர் நக்குவது கேட்டது. ஜெபமாலையை எடுத்தேன். இரண்டு மணி உருட்டுவதற்குள் மனசு எங்கேயோ போய்விட்டது. பிள்ளை சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை அவள் சாக்குச் சொல்கிறாள் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன் அடித்தது. ஸ்டிரைக் என்று சொன்னால் வந்துவிடுவாள். ஒரு தறியிலிருந்து, நெடுக்கு நூல் சுற்றிய பாவு உருளையைக் கழற்றிக் கீழே வைத்தேன். குறுக்கே ஓடும் நாடாவிலும் நூல் போடவில்லை. வெறுந்தறியை ஓட்டிவிட்டேன். துணி நெய்யவில்லை, அதனால் ஸ்டிரைக்கை மீறவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நூல் இல்லாத தறியில் நூல் எப்படி அறுகும்? அவ்வப்போது நானே நிறுத்தி, கொஞ்சம் நின்று, மறுபடி ஓட்டுவேன்.

மறுநாளே சங்கத்து ஈஸ்வரமூர்த்தி அண்ணன் இரண்டு பேரோடு வந்துவிட்டார்.

“ஏந்தம்பி, ஊரே நிறுத்திப்போட்டு உக்காந்திருக்குது. உம்பட ஷெட்டுல மட்டும் என்ன சத்தம்?”

“துணி ஓட்டலீங்ணா. வந்து பாருங்.”

பார்த்தார். “வெறுந்தறிய எதுக்கப்பா ஓட்டற? கிறுக்குப் புடிச்சுப்போச்சா?”

நான் ஆணியைக் காட்டினேன். பையில் இருந்த போன் திரையில் ஸ்டெல்லாவின் குனிந்த தலையும் எழுதுகிற கையும் தெரிந்தன. விஷயத்தை அவர் காதருகே சொன்னேன். கூட வந்தவர்களில் ஒருவர், “இன்னைக்கு வெறுந்தறி, நாளைக்குப் பாவேத்துவாரு” என்று முணுமுணுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

அண்ணன் போனருகே போனார். “அம்மணி, நல்லாருக்கறயா?”

“மாமா! நீங்க எங்கீங் இங்க?”

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“உங்கொப்பன் நூல் முடியறதுக்குள்ள விடிஞ்சுபோகுது. சரி, கூடமாட இருக்கலாம்னு வந்தேன். நீ படி சாமி.”

வெளியே வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. “பாவு அத்தனையும் கழட்டு. எங்கூட்ல இருக்கட்டும். அப்பறம் எவன் என்ன பேசறான்னு பாக்கறேன்.” ஆறு பாவுகளையும் அவரும் அந்த இரண்டு பேருமே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வாரம் முழுக்க, விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் ஷெட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். சண்டை போட வந்தவர்கள் அவரிடம் பேசிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஸ்டெல்லா தேறினாள். ப்ராக் போனாள். அங்கே ஜன்னலுக்குக் கீழே டிராம் வண்டி ஓடியது. அந்தச் சத்தம் கொஞ்சம் தறி மாதிரி இருக்கிறது என்றாள். பரீட்சைக்கு முன்னால் மட்டும் போனை மாட்டச் சொன்னாள். டெல்ஃப்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைக் கண்டுபிடித்துவிட்டாள். “இனி வேண்டாங்ப்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றாள். சந்தோஷம்தான். ஆனாலும் கொஞ்ச நாள், விளக்கு வைத்ததும் என் கை தானாகப் போனை எடுத்து மஞ்சப்பைக்குள் வைக்கும்.

படிப்பு முடிந்து அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டாள். இங்கே கூலி கட்டவில்லை, என் முழங்காலும் மடங்கவில்லை. தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். ஈஸ்வரமூர்த்தி அண்ணனும் போட்டுவிட்டார். எங்கள் வீதியில் இப்போது குயில் கூவுவது கேட்கிறது. அந்தக் குயில் முன்னாலும் கூவியிருக்கும்.

போன வாரம் அந்த வெறும் ஷெட்டில் நின்றுகொண்டு, அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் கேட்டாள்.

“தறியெல்லாம் குடுத்துட்டீங்களா?”

“ஆமா கண்ணு.”

“அந்த ஸ்டிரைக்குல வெறுந்தறி ஓட்டுனீங்களே, அதையுமா?”

“அது யாரு சொன்னா உனக்கு? ஈஸ்வரமூர்த்தி மாமாவா?”

“யாருஞ் சொல்லலீங். பாவு இருக்கற தறிச் சத்தமும் வெறுந்தறிச் சத்தமும் எனக்குத் தெரியாதுங்களா? ஆறு தறி ஓடற எடத்துல ஒன்னுதான் ஓடுச்சுங். ஸ்டிரைக்குன்னு மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா கேக்காம இருந்த?”

“கேட்டா நிறுத்திப்போடுவீங்களே. நான் படிச்சு முடிச்சாத்தான நீங்க நிறுத்த முடியும். அதான் படிச்சேனுங்.”

அப்புறம் அவள், “வெச்சராதீங்ப்பா, செத்த நேரம் அப்படியே இருக்கட்டும்” என்றாள். ஆணி சுவரிலேயே இருந்தது. மஞ்சப்பை இல்லை, எந்த எலி இழுத்துப்போனதோ. போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எண்ணெய்க் கறை மேல் உட்கார்ந்தேன். அவள் பக்கம் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். ஒரு கதவு சாத்திக்கொண்டது. அவள் ஏதோ எழுதுவது கேட்டது. என் பக்கத்திலிருந்து அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.