ஒரு வாளி பச்சைத் தண்ணீர்

என் அக்கா ஜெயசுந்தரியை எங்கள் சர்ச்சில் எல்லோரும் வாயில்லாப் பூச்சி என்பார்கள். போன டிசம்பர் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. வாயில்லாப் பூச்சிக்காக யாரும் யாரோடும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. செகந்திராபாத் லாலாகூடாவில், அத்தானின் அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் முப்பத்திரண்டு வருடக் குடித்தனம். எங்கள் இரண்டு குடும்பங்களும் ரயில்வே வேலைக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இங்கேயே ஊன்றிப்போனவை. ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு என்று இந்த ஊர் உருதும் எங்கள் தமிழில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அத்தான் எட்மண்ட் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். சர்ச்சில் பாடகர் குழு. கிறிஸ்துமஸ் பவனியில் முதல் ஆளாக நின்று சமாதானத்தைப் பாடுவார். வீட்டில் பெண்டாட்டியைப் போட்டு அடிப்பார். நான் தம்பி, ஃபெலிக்ஸ். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து அக்கா வீடு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் தூரத்தைச் சாக்காகச் சொல்லி நிறைய தடவை போகாமல் இருந்திருக்கிறேன்.

அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு செம்புப் பாய்லர் உண்டு. செங்கல் மேடையில் உட்கார்ந்திருக்கும். நடுவில் நெருப்பு எரிகிற குழாய். ஒரு பக்கம் மேலே புனல், எதிர்ப்பக்கம் தொடை உயரத்தில் வளைந்த மூக்கு. திறந்து மூட எதுவும் கிடையாது. புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், அது அடிக்குப் போய், கொதிக்கிற தண்ணீரில் ஒரு செம்பை மூக்கு வழியாக வெளியே தள்ளும். மெதுவாக ஊற்றினால் மெதுவாக வரும். சும்மா விட்டால் ஆவி மட்டும்தான் வரும். மூக்கு நேராகக் குளியலறைக் கதவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே வாளியை வைத்து நிரப்பி, உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் கீசர் இருக்கிறது. ஆனால் கீசர் தண்ணீர் உடம்பில் ஒட்டாது என்பது அத்தானின் கட்சி. நவம்பர் பிறந்துவிட்டால் பிப்ரவரி வரைக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கு அக்கா கொல்லையில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பாள். விறகு, கம்பெனியில் கழித்துப்போடுகிற மரப்பலகைகள். அத்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வருவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. அவரைப் பொறுத்தவரை வெந்நீர் என்பது குளியலறைக்குள் வாளியில் வந்து நிற்கிற ஒரு பொருள். அது எங்கே பிறக்கிறது என்று ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

கல்யாணமான முதல் டிசம்பரில் அக்கா விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் ஒரு செம்பு குறைவாக ஊற்றிவிட்டாள். காலைச் சுட்டுக்கொண்ட அத்தான் அதே தண்ணீரைச் செம்போடு அவள் மேல் வீசினார். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் பளபளப்பாக இருக்கிறது. இன்னொரு வருடம் ஈரப்பலகை புகைந்து அவருக்கு இருமல் வந்தது என்பதற்காக, அதே பலகையால் வாயில் அடித்தார். முன்பல் ஒன்று போயிற்று. சூடு பத்தவில்லை என்றால் அறை. சூடு அதிகம் என்றால் உதை. அக்காவின் உடம்பில் எந்தக் காயம் எந்தக் குளிர்காலத்தில் வந்தது என்று நானே சொல்லிவிடுவேன்.

பல் போன அன்றைக்கு நான் கேட்கப் போனேன். "ஹவ், அடிச்சேன். இப்ப என்னங்க?" என்று அத்தான் நிதானமாகச் சொன்னார். அக்கா வாயில் துணியை வைத்துக்கொண்டு, "நீ போல, ஒனக்கு எதுக்கு இது? போ" என்று என்னைத் தள்ளினாள். நானும் போய்விட்டேன். அவள் சொன்னதால் போனேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அவர்களுக்கு ஒரே மகள், பிளெசி. கச்சிபௌலியில் வேலை. பாதி இங்கிலீஷ், கால்வாசி தெலுங்கு, மிச்சம்தான் தமிழ். மூன்று வருடத்துக்கு முன் சந்தீப்புக்குக் கட்டிக்கொடுத்தோம். நம் சபைப் பையன், நல்ல வேலை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். போன வருடம் நவம்பர் கடைசியில் பிளெசி பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் அனுப்பி வைப்பதாக அத்தான் மருமகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பிள்ளை பெற்றவளுக்கு முதுகில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் விடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் இரண்டு வாரம், "நானே ஊத்திக்கிறேன் மம்மி" என்று பிளெசி கதவைச் சாத்திக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தலை சுற்றுகிறது என்று அம்மாவை உள்ளே கூப்பிட்டாள். அக்கா முதுகில் முதல் செம்பை ஊற்றினாள். இடுப்புக்கு மேலே பெல்ட் பக்கிள் பதிந்த வடு, சதுரம் சதுரமாக ஏழு. ஆறி வெளுத்துப்போனவை மூன்று. மற்ற நாலும் ஏழாம் மாதத்தில் வாங்கியவை.

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"நீ யார்ட்ட மம்மி சொன்ன?" என்றாளாம் பிளெசி.

இதை அக்கா எனக்குப் போனில் சொன்னாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவளாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. "அவள அனுப்ப மாட்டேன். அவனே கூட்டிட்டுப் போக வந்தாலும் விடமாட்டேன். நீ வந்து கூட இருல" என்றாள். மறுநாள் சாயங்காலம் போனேன்.

அத்தானிடம் என் முன்னால்தான் சொன்னாள். அவர் பாதி கேட்கும்போதே அறைந்தார். "எம் பேச்சுக்கு என்ன மரியாத? சவத்த மூதி, ஒருநாள் ரெண்டுநாள் கை நீட்டத்தான் செய்வான். ஒன்ன நான் வச்சுக் குடும்பம் நடத்தல?" முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் நடுவில் போனேன். என் மூக்கில் ஒரு குத்து விட்டார். கண்ணாடி உடைந்து, சட்டையெல்லாம் ரத்தம். பிளெசி குழந்தையை அணைத்துக்கொண்டு, "ப்ளீஸ் டாடி, நான் போறேன், போறேன்" என்று அலறினாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார். ஜெயித்துவிட்டார் அல்லவா!

காலையில் ஊரே பனிமூட்டமாக இருந்தது. அக்கா வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தாள். ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிட நிறைய விறகு வைத்தாள். பாய்லர் தளதளவென்று கொதித்தது. பிளெசி குளிக்கப் போனாள். குழந்தையை என் கையில் கொடுத்திருந்தார்கள். ஏழு மணிக்குச் சந்தீப் காரில் வந்து இறங்கினான். வாசலில் ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"நேரமாகுது. எங்க அவ?" என்றான்.

"குளிக்கிறா. உக்காருங்க" என்றார் அத்தான்.

பிளெசிக்கு அவன் குரல் கேட்டிருக்க வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வந்தது. "ஐ ஆம் நாட் கமிங்" என்று உள்ளேயிருந்து கத்தினாள். சந்தீப் விறுவிறுவென்று கொல்லைக்குப் போனான். நான் குழந்தையோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். கையில் குழந்தை இருந்ததே என்று இன்றுவரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவன் கதவை இரண்டு கையாலும் அறைந்தான். "ஓப்பன் இட்! கைக்கு இந்த டிராமா? தொறடி!" அக்கா இரண்டு வாளிகளில் பச்சைத் தண்ணீர் பிடித்து பாய்லர் பக்கத்தில் வைத்திருந்தாள். மகள் குளித்து முடிக்கிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டுமே.

"அந்த எடத்துல நிக்காதீங்க மாப்பிள்ள, தள்ளிப் போங்க" என்றாள்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவை உதைத்தான். கீழ்ப்பலகை பிளந்தது. உள்ளே பிளெசி வீறிட்டாள். அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நக்கோ அத்த, நடுவுல வராதீங்க" என்று முழங்கையால் ஒரு இடி இடித்தான். அவள் விறகுக் குவியலில் மல்லாக்க விழுந்தாள். ஒரு ஆணி கையைக் கிழித்தது. அவன் மறுபடியும் காலைத் தூக்கினான். இந்த உதைக்குக் கதவு தாங்காது என்பது எனக்கே தெரிந்தது.

அக்கா எழுந்தாள். "மாப்பிள்ள, ரெண்டாந்தடவ சொல்லுதேன். தள்ளிருங்க." சத்தமே போடவில்லை. வாளியை இரண்டு கையாலும் தூக்கினாள். அவன் அதைப் பார்த்தான், பார்த்துச் சிரித்தான். பச்சைத் தண்ணீர் வாளியோடு நிற்கிற பொம்பளையைப் பார்த்து எவன் பயப்படுவான்? வெந்நீர் போட்டு அறியாத எந்த ஆம்பளையும் அன்றைக்குச் சிரித்திருப்பான்.

முழு வாளியையும் ஒரே மூச்சில் புனலில் கவிழ்த்தாள்.

பாய்லர் ஒரு தடவை குலுங்கியது. மூக்கிலிருந்து கொதிநீர் தீயணைக்கிற குழாய்போல் பீறிட்டு, அவன் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் அடித்தது. அவன் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த குழந்தை துள்ளி விழப் பார்த்தது. கீழே விழுந்து உருண்டான். ஜீன்ஸ் அந்தச் சூட்டையெல்லாம் குடித்துப் பிடித்துவைத்துக்கொண்டது. இழுக்க இழுக்கத் தோலும் கூட வந்தது. வெறும் பாதம் இரண்டும் என் கண் எதிரிலேயே கொப்புளித்தன. எனக்கு வாந்தி வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் நிஜம்.

"ஏட்டி!" என்று அத்தான் ஓடி வந்தார். வழக்கம்போல விறகிலிருந்து ஒரு பலகையை உருவினார். விழுந்துகிடந்தவனைத் தாண்டிக் குதித்து, குளியலறைக் கதவு முன்னால் வந்து நின்று பலகையை ஓங்கினார்.

அக்கா இரண்டாவது வாளியைத் தூக்கி அதன் விளிம்பைப் புனல் மேல் வைத்தாள். கையிலிருந்து ரத்தம் வாளியில் சொட்டியது.

"நிக்கிற எடத்தப் பாருங்க" என்றாள்.

அவர் கீழே பார்த்தார். தொடைக்கு ஒரு சாண் தள்ளி அந்த மூக்கு ஆவி கக்கிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு குளிர்காலம் அந்தத் தண்ணீரில் குளித்த மனிதர், அது எங்கேயிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். புனலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார். பலகை தூக்கினபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக அதைக் குவியலில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

சந்தீப்பை அவன் வந்த காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாய்லர் கவிழ்ந்துவிட்டது என்று அவனாகவே டாக்டரிடம் சொன்னான். உண்மையைச் சொன்னால், அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே. இரண்டு மாதம் படுத்துக்கிடந்தான். அப்புறம் விவாகரத்துக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பிளெசி படித்துவிட்டு அன்றைக்கே சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். இப்போது லாலாகூடாவிலிருந்தே வேலைக்குப் போகிறாள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது.

அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன், வருத்தமாக இல்லையா என்று.

"அவங் காலப் பாத்தா பாவமாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆனா பாதியில நிறுத்தணும்னு தோணவே இல்லல. வாளி காலியாகுற வரைக்கும் ஊத்துனேன்."

இந்த டிசம்பரில் குளிர் போன வருடத்தைவிட மோசம். அக்கா ஐந்து மணிக்கு எழுந்து பாய்லர் போடுகிறாள், மகளுக்கும் பேத்திக்கும். அத்தான் அதற்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறார். குழாயடியில் வாளியை நிரப்பி, தானே தூக்கிக்கொண்டு போய் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். பல் கிடுகிடுத்து அவர் நடுங்குகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. யாரும் அவரை அப்படிக் குளிக்கச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே இருந்தேன். உதடு நீலம் பாரித்து, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். "கைக்கு அத்தான் இந்தக் குளிர்ல? வெந்நிதான் கொதிச்சுக் கெடக்குதே" என்றேன்.

கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அக்கா புனலண்டை நின்றுகொண்டிருந்தாள், கையில் வாளி.

"வெந்நி ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றார்.