மூன்றாம் தரம் கூப்பிட்டால்

உத்திரமேரூருக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில், உச்சிவேளையில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் சட்டென்று திரும்ப மாட்டார்கள். மூன்று தரம் கூப்பிட்டால் மனிதர். இரண்டோடு நின்றுவிட்டால் அது வேறு. படித்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் அவர்களும் திரும்ப மாட்டார்கள். பிரிகேடியர் தணிகைவேல் அப்படி வளர்ந்தவர்தான். ராணுவத்தில் அவர் பெயர் எடுத்ததே ஒருமுறை திரும்பாமல் இருந்ததற்காக என்றால் நம்புவீர்களா?

அவருடைய வேலை வானத்தைப் பார்ப்பது. வெறுங்கண்ணால் அல்ல, ரேடார் திரையில். எதிரி ஏவுகணை விட்டால் அது புள்ளியாக வரும். வந்தது ஏவுகணையா கொக்குக் கூட்டமா என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஏவுகணை என்று சொல்லிவிட்டால் இங்கிருந்து பதில் ஏவுகணை கிளம்பிவிடும். மேஜராக மேற்குப் பாலைவனத்தில் இருந்தபோது ஒரு மத்தியானம் அப்படி ஒரு புள்ளி வந்தது. கூட இருந்தவர்கள் 'சுடுங்கள், சுடுங்கள்' என்று கத்தினார்கள். இன்னொரு ரேடாரிலும் தெரியட்டும் என்று தணிகைவேல் அசையாமல் நின்றார். தெரியவில்லை. நாற்பது விநாடியில் புள்ளி கரைந்துபோனது. சுட்டிருந்தால் போரே மூண்டிருக்கும் என்று பிறகு பாராட்டினார்கள். அதன்பின் ஏற்றம்தான்: ஏவுகணைத் தடுப்புச் சோதனைகள், செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் நிலையம், கடைசியில் பிரிகேடியர் பதவி. இரண்டு சாட்சி இல்லாமல் வாயைத் திறக்காத மனுஷன் என்று டெல்லி வரைக்கும் பெயர்.

ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்துவிட்டார். மனைவி புனேயில் மகளோடு இருக்கிறார். இங்கே அவருக்கென்று இருப்பது அக்கா லீலாவதிதான். எழுபத்தோரு வயது, கணவர் போய்ச் சேர்ந்து நாளாகிறது, பிள்ளை இல்லை. ஊரே அவரை 'பிரிகேடியர் சார்' என்கிறது. 'தணிகா' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான்.

போன வைகாசியில் அது ஆரம்பித்தது. கழனிக் கோடியில் மோட்டார் கொட்டகை அருகே நின்றிருந்தார். "தணிகா... தணிகா..." அக்காவின் குரல், பழைய கிணற்றுப் பக்கமிருந்து. பதறிக்கொண்டு ஓடினால், கிணற்றடியில் யாருமில்லை; பக்கத்திலிருந்த வீட்டுக்குள் அவள் பாயில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதே நேரம், அதே குரல். காதில்தான் கோளாறோ என்று காஞ்சிபுரத்துக்குப் போய்க் காட்டினார். அந்த வயதுக்கு அதிசயமான காது என்றார் டாக்டர். தொழில் புத்தி விடுமா? நோட்டு போட்டு நேரமும் திசையும் குறிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு ஏழு, கிணறு, இரண்டு தரம். எட்டாம் நாள் வரை ஒரே வரி.

ஒன்பதாம் நாள் வேண்டுமென்றே அக்காவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், கிணற்றுப் பக்கமிருந்து, அவளுடைய குரலே அவரைக் கூப்பிட்டது.

"இன்னாடா, மூஞ்சி இப்டி வெளுத்துப்போச்சு? யார்னா கூப்ட்டாங்களா?"

"உனக்குக் கேக்கலியா அக்கா?"

"இல்லியே. எத்தினி தபா கூப்ட்டுச்சு?"

"ரெண்டு."

"அப்ப நீ பாட்டுக்கு வேலயப் பாத்துக்கினு இரு. மூணாந்தபா கூப்ட்டாதான் மனுசங்க." அவள் மறுபடி கடலை உரிக்கத் தொடங்கினாள்.

பத்தாம் நாளும் பன்னிரண்டு ஏழு. "தணிகா..." கொஞ்சம் பொறுத்து, "தணிகா..." வழக்கத்தைவிடக் கரகரப்பாக இருந்தது. கொட்டகையில் நின்றிருந்தவர் திரும்பவில்லை. எரிச்சலாக வந்தது, பயமாகவும் இருந்தது, அதுதான் உண்மை. அந்தச் சனியனைக் காதில் வாங்கக் கூடாதென்று மோட்டாரைப் போட்டுவிட்டார். பழைய மோட்டார், அதன் இரைச்சலில் வேறு எதுவும் கேட்காது.

கால் மணி நேரம் கழித்து, பக்கத்துக் கழனிக்காரர் பாண்டுரங்கன் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓடிவந்தார். "சார், அக்கா கெணத்துல வுயுந்துட்டாங்க! தூக்கிட்டேன், உசுரு கீது. மூணு தபா உங்களத்தான் கூப்ட்டாங்க, எங்கழனிக்கே கேட்டுச்சே சார்!"

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் இடுப்பில் கட்டோடு படுத்திருந்த அக்காவின் பக்கத்தில் போகவே அவருக்குக் கூசியது. வருவதை முன்கூட்டியே சொல்வதைப் பிழைப்பாகக் கொண்டவர், ஒன்பது நாள் தனக்கே முன்கூட்டிச் சொல்லப்பட்டதை நோட்டில் எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். நெஞ்சு பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள். "தணிகா, நீ மட்டும் இல்லன்னா நான் முயுகிப் பூட்டிருப்பேன்டா. பாண்டு கவுறு எடுத்துக்கினு வர்ற வரிக்கும், கயுத்து மட்டும் தண்ணில என் கையப் புடிச்சிக்கினு நின்னியே!"

தணிகைவேல் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற பாண்டுரங்கன் விழித்தார். கிணற்றில் அக்காவைத் தவிர யாரையும் அவர் பார்க்கவில்லை.

"மூணாந்தபா கூப்ட்ட ஒடனே வந்துட்ட. ஆனா ஒரு வார்த்த பேசலடா நீ. கை வேற ஐஸ் மாரி இருந்துச்சு..." அவள் நிறுத்தினாள். "நீதானேடா?"

"ஆமாங்க்கா," என்றார் தணிகைவேல். "நாந்தான்."

அவள் கையை நீட்டினாள். அவர் தன் கையைக் கொடுத்தார். வெயிலில் வந்த கை, வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அப்புறம் மெதுவாக விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.