இடப்பக்கம் வந்த பதினோரு பந்துகள்

அரவிந்தவல்லிக்கு நாற்பத்தொன்பது வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பி.டி. மாஸ்டர் திடீரென்று லீவு போட்டுவிட, பள்ளி கால்பந்து டீமை மைதானத்துக்கு அழைத்துப் போகும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூட அன்று அவளுக்குத் தெரியாது. பொழுது போகாமல், யார் யாருக்குப் பந்தைத் தட்டுகிறார்கள் என்று ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

பள்ளி டீமிலிருந்து அவள் கவனம் உறையூர் வெண்கொடி கிளப்புக்குத் தாவியது. ஊரைச் சுற்றியுள்ள பத்து டீம்கள் ஆடும் லீக்கில் எப்போதும் ஏழாவதோ எட்டாவதோ வருகிற கிளப். ஒவ்வொரு மேட்சுக்கும் போவாள். திரும்பி வந்து, ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பக்கம் எழுதுவாள். அடுத்த மேட்ச் எப்படி முடியும் என்று கடைசி வரியில் சொல்வாள். முக்கால்வாசி பலித்தது. சொந்த டீம் தோற்கும் என்று அவள் சொன்ன நாட்களில் பெரும்பாலும் தோற்றே போனார்கள். அதனால் அவள் எழுத்துக்குக் கொஞ்சம் மரியாதையும் நிறைய பயமும் இருந்தது.

இந்த வருஷம் பதினெட்டு ஆட்டங்கள் முடிந்தபோது வெண்கொடி நாலாவது இடத்தில் நின்றது. முதல் நாலு டீம்களுக்கு பிளே ஆஃப். சனிக்கிழமை மாலை அரையிறுதி, எதிரே முதலிடம் பிடித்த மணப்பாறை ராக்கெட்ஸ். உறையூரே தரையில் கால் பாவாமல் திரிந்தது. அரவிந்தவல்லியும்தான்.

"ஏன் இப்படி நிலைகொள்ளாம அலையறே? தளிகை ஆறிண்டிருக்கு, வந்து உக்காரு" என்றார் அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவன்.

"இதோ வந்துட்டேன்னா" என்றவள் செல்போனோடு கூடத்தில் இன்னும் இரண்டு நடை நடந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் சீசன் முழுவதையும் அலசி எழுதிப் போட்டாள். டிஃபன்ஸைப் பாராட்டினாள். கோல் கீப்பரைப் பாராட்டினாள். ஃபார்வர்டு பிரவீன்ராஜிடம் வந்தபோது கை தயங்கியது. சீசனில் பதிமூன்று கோல் போட்டவன், கடைசி நாலு மேட்சில் ஒன்றுகூட இல்லை. நோட்டில் இருந்ததை அப்படியே எழுதினாள்: "இந்த நாலு மேட்சில் இடப்பக்கத்திலிருந்து கோல் முன்னால் பதினோரு கிராஸ் பந்து வந்தது. ஒன்றுக்குக்கூடப் பிரவீன் தலை கொடுக்கவில்லை. தைரியம் போய்விட்டது. உட்கார வைப்பது நல்லது. மணப்பாறை 2, வெண்கொடி 0."

குரூப் கொதித்தது. கோச் அழகர்சாமி தனியாகவே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "டீச்சர், மூணு நாள்ல மேட்ச வச்சுக்கிட்டு பையன் மனச இப்படியா ஒடைக்கிறது?"

பிரவீன்ராஜ் மட்டும் சண்டைக்கு வரவில்லை. இரண்டே வார்த்தை போட்டிருந்தான்: "சரிதான் மேடம்."

அந்த இரண்டு வார்த்தை அவளை விடவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு, மேஜையில் நோட்டைப் பிரித்தாள். வலப்பக்கத்திலிருந்து வந்த கிராஸ் ஒன்பது. அதில் எட்டுக்குப் பிரவீன் பாய்ந்திருக்கிறான். ஒரு தடவை கோல் கம்பத்தில் தோள் மோதி விழுந்திருக்கிறான். தைரியம் போனவனுக்கு வலது பக்கம் மட்டும் எங்கிருந்து தைரியம் வரும்?

இதை நேற்றே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியதும் அவளால் உட்கார முடியவில்லை. கடைசி பீரியட் பர்மிஷன் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பிரவீன்ராஜ் உறையூர் சாலை ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறவன். இருபத்து நாலு வயது. அவள் உள்ளே போனபோது கம்ப்யூட்டரில் யாருடைய கல்யாண பேனரோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரைக்கு நேராக உட்காரவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு, கழுத்தை இடதுபுறமாகத் திருப்பி, வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இடது பக்கமாகத்தான் போய் நின்றாள். அவன் திரும்பவே இல்லை.

"பிரவீன்."

திடுக்கிட்டு எழுந்தான். "மேடம், நீங்களா? எப்ப வந்தீங்க?"

"வலது கண்ண கையால மூடு. என் மூக்கையே பாரு." கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அவனுடைய இடது காதோரத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டு வந்தாள். "பேனா தெரிஞ்சா சொல்லு."

பேனா கன்னத்தைத் தாண்டியது. அவன் மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் வந்தபோதுதான், "இப்ப தெரியுது" என்றான்.

"எத்தனை நாளா இப்படி?"

அவன் கடைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நாலு மேட்சுக்கு முன்னாடி துவாக்குடி மேட்ச்ல ஒருத்தன் முழங்கை கண்ணுல பட்டுச்சுல்ல மேடம், அன்னிலேந்து கண்ணு முன்னாடி பூச்சி பறந்துச்சு, இடது ஓரம் சரியாவே தெரியல. இப்ப ஒரு வாரமா ஓரத்துல கருப்பா திரை மாதிரி தொங்குது. சனிக்கிழமை முடிச்சுட்டு டாக்டர்ட்ட போலாம்னு இருந்தேன். சொன்னா உக்கார வச்சுருவாங்க."

"நான் உன்ன பயந்தாங்கொள்ளின்னு எழுதினேனே, அப்பவாவது வாயத் திறந்திருக்கக் கூடாதா?"

"பயம்தான் மேடம்" என்றான். "பந்து வர்றது தெரியாம எப்படி எகிறுறது?"

அவள் அவன் முதலாளியிடம் பேசி, ஆட்டோ பிடித்து, நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்து, டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"விழித்திரை கிழிஞ்சு ஓரத்துலேந்து பிரிஞ்சுக்கிட்டு வருது. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுவும் விட்டுருந்தா பார்வை திரும்பறது கஷ்டம். பந்தைத் தலையால முட்டறதெல்லாம் நெனைச்சே பாக்காதீங்க. இன்னிக்கே அட்மிட் ஆகிடுங்க, சனிக்கிழமை மதியம் ஆபரேஷன்."

அழகர்சாமிக்கு அவளே போன் செய்தாள். "அந்த அடி என் கண்ணு முன்னாடிதான் விழுந்துச்சு டீச்சர்" என்றார் அவர். "தண்ணி தெளிச்சு நான்தான் திருப்பி உள்ள அனுப்புனேன்."

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு பிரவீனைத் தியேட்டருக்குள் கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் அவன் அம்மா வியாகுலம்மாள் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். அரவிந்தவல்லி வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நாலு மணிக்கு மேட்ச் ஆரம்பித்தது. போனில் ஸ்கோர் பார்ப்பாள், கதவைப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். இருபதாவது நிமிஷம் மணப்பாறை ஒரு கோல் போட்டது. தான் எழுதியபடியே நடக்கிறதே என்று போனைப் பைக்குள் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கணக்கு தப்பவேண்டும் என்று பெருமாளை வேண்டினாள்.

நாலே முக்காலுக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. விழித்திரைய அழுத்திப் பிடிக்க உள்ள காத்து அடைச்சிருக்கோம். பத்து நாள் குப்புறப் படுத்தே இருக்கணும், அதுதான் முக்கியம்."

வியாகுலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அரவிந்தவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "டீச்சர், நீங்க கெளம்புங்க. நீங்க நடக்கறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது. அங்க போயி என்னாச்சுன்னு பாத்துட்டு வந்து அவன்ட்ட சொல்லுங்க."

ஆட்டோவில் மைதானத்துக்குப் போய் இறங்கியபோது ஆட்டம் முடியப் பதினைந்து நிமிஷம் இருந்தது. அதே 1-0. பிரவீனின் இடத்தில் சிவசங்கர், ஒல்லிப் பையன், சீசனில் மொத்தமே நாற்பது நிமிஷம் ஆடியவன். எண்பத்து நாலாவது நிமிஷம் ஒரு கார்னர். கும்பலில் யார் காலிலோ பட்டு வந்த பந்து சிவசங்கரின் முழங்காலில் மோதி, எப்படியோ உள்ளே போய்விட்டது. அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பூக்காரம்மாவை அரவிந்தவல்லி கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ட்ரா டைமில் கோல் இல்லை. டைபிரேக்கர், ஆளுக்கொரு பெனால்டி கிக். வெண்கொடி கடைசி கிக்கை வெளியே அடித்து, ஐந்துக்கு நாலு என்று தோற்றது. அழகர்சாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே குரூப்பில் எழுதினாள். மேட்சைப் பற்றி மூன்று வரிதான். மீதியெல்லாம் மன்னிப்பு. "எண்ணியதில் தப்பில்லை. எண்ணியதற்குச் சொன்ன காரணம் தப்பு. ஒரு தடவை அவனைக் கேட்டிருந்தால் போதும்."

மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த பிரவீனைப் பார்க்கப் போனாள். கட்டில் விளிம்புக்கு வெளியே முகம் தொங்க, குப்புறப் படுத்திருந்தான். அவன் பார்வையில் படுவதற்காக அவள் தரையில் உட்கார வேண்டியிருந்தது. கிக் கிக்காக மேட்ச் முழுவதையும் சொன்னாள். சிவசங்கரின் முழங்கால் கோலைக் கேட்டு அவன் சிரித்தான். கட்டில் ஆடியது.

"சிரிக்காதடா, கண்ணு!" என்று அடுப்படியிலிருந்து வியாகுலம்மாள் கத்தினார்.

"ஃபைனல் மணப்பாறைக்கா, துவாக்குடிக்கா மேடம்?"

"இனிமே நான் சொல்றதா இல்ல."

"சும்மா சொல்லுங்க. துவாக்குடி மூணு ஒண்ணு. நான் சொல்றேன்."

"துவாக்குடியா? அவங்க டிஃபன்ஸப் பாத்தியா நீ? மணப்பாறை, ரெண்டு ஒண்ணு" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் விடாமல் சண்டை போட்டார்கள்.

ஃபைனல் அன்று கோடை மழை கொட்டியது. மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அறுபதாவது நிமிஷத்தில் நிறுத்தி, இரண்டு டீமுக்கும் பொதுவாகக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். இது என்ன நியாயம் என்று அரவிந்தவல்லி நனைந்த புடவையோடு அமைப்பாளரிடம் வாதாடிவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

பிரவீனுக்குப் பார்வை முக்கால்வாசி திரும்பியது. ஓரத்தில் கொஞ்சம் மங்கல், அது போகாது என்றார்கள். ஹெட் பண்ணக் கூடாது, லீக் ஆட்டம் கூடாது. இரண்டு மாதம் மைதானத்துப் பக்கமே அவன் வரவில்லை, போன் எடுக்கவில்லை. அவள் வாரம் ஒருமுறை ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல், ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வருவாள். ஜூலையில் ஒரு நாள் அவன் தானாகவே, "இன்னிக்கு பிராக்டிஸ் எத்தன மணிக்கு மேடம்?" என்று கேட்டான்.

"அஞ்சரைக்கு" என்றாள். மணி அப்போது ஐந்து. அவன் சிஸ்டத்தை அணைக்கும்வரை பொறுக்காமல், ஆட்டோவை நிறுத்த அவள் ரோட்டுக்கு இறங்கிவிட்டாள்.