டோல் அடிக்கு எழுந்த கால்

என் கணவருக்கு நடுக்குவாதம். வாசற்படி, லிஃப்ட் கதவு என்று எதையாவது தாண்ட வேண்டி வந்தால் போதும், பசை போட்டு ஒட்டியதுபோல் கால் நின்றுவிடும். மகளின் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. "சக்கர நாற்காலியில போயி பொண்ணத் தாரை வார்க்க மாட்டேன். நடந்துதான் மேடைக்கு வருவேன்" என்று ஒரே பிடிவாதம்.

பாட்டின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சிலருக்குக் கால் நகரும் என்றார் டாக்டர். எனக்குப் பாட்டு என்றால் கர்நாடக சங்கீதம். அதுவும் நோய்க்கு என்றால் சாமி பாட்டைத் தவிர வேறு தோன்றுமா? வடக்கே துவாரகாவில் இருக்கும் எங்கள் வீட்டில் தினமும் காலையில் நிதானமான கீர்த்தனையாகத் தேடிப் போட்டேன். மனிதர் படுக்கையறை வாசலிலேயே நின்று, கண்ணை மூடித் தலையாட்டினார். "அருமையா பாடுதாரு" என்றார். கால் மட்டும் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மாலை டாக்டரிடம் போய்த் திரும்பும்போது, குடியிருப்பு கேட்டருகே மறுபடி நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. கழுத்தில் மாட்டி அடிக்கும் டோல் மேளங்கள் இரண்டு முழங்கியதில் என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. இந்தச் சத்தத்தை ஒழிக்கச் சொல்லி ஆண்டுதோறும் குடியிருப்போர் சங்கத்தில் சண்டை போட்டவர் இவர். அவருடைய வலது கால் மெல்ல எழுந்தது. பிறகு இடது. ஊர்வலத்தோடு சேர்ந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார்! "ஆயியே அங்கிள்ஜி!" என்று இந்தியில் வரவேற்றுச் சிரித்தார் டோல்காரர். காதுக்குப் பிடிக்காததைக் கால் பிடித்துக்கொண்டது. அந்த உடம்பைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

அன்றிலிருந்து என் கையில் பித்தளைத் தாம்பாளம். டோல் அடியை அப்படியே தட்டுவேன். அவர் ஒவ்வொரு வாசலாகத் தாண்டுவார்.

கல்யாண மண்டபத்திலும் பட்டுச்சேலையோடு தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன். எங்கள் ஊர்ச் சடங்கு என்று சம்பந்தி வீட்டார் நினைத்திருப்பார்கள். மேடைப்படி வந்ததும் திரும்பிப் பார்த்தேன். நோய் வந்த பிறகு அவர் அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததே இல்லை. கண் நிறைந்துவிட்டது. கை தானாக ஓய்ந்தது. படியருகே அவரும் நின்றுவிட்டார்.

"அழுதுகிட்டே தட்டு, பரவாயில்ல" என்றார். "நிறுத்திராத."